இனம் என்றால் என்ன? 400 ஆண்டுகளாக இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு கோடு

தமிழில் ‘இனம்’ என்ற சொல் சுமக்கும் பாரம் கொஞ்சநஞ்சமல்ல. காங்கேயம் இன மாடு என்கிறோம், பெண்ணினம் என்கிறோம், தமிழினம் என்கிறோம், இனக்கலவரம் என்கிறோம், கறுப்பினத்தவர் என்கிறோம். இனம் இனத்தோடு சேரும் என்று பழமொழியும் வைத்திருக்கிறோம். ஒரே சொல், ஆனால் ஐந்தாறு பொருள். இதனால் ஒரு பெரிய குழப்பம் வருகிறது. மாட்டில் காங்கேயம், உம்பளச்சேரி இருப்பதுபோல மனிதரிலும் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என்று இயற்கையே பிரித்து வைத்திருக்கிறது எனப் பலரும் நம்பிவிடுகிறார்கள்.

மாட்டு உதாரணத்தையே கொஞ்சம் கவனியுங்கள். காங்கேயம் இனம் தானாக நிலைத்து நிற்பதில்லை. எந்தப் பசுவுக்கு எந்தப் பொலிகாளை என்று தலைமுறை தலைமுறையாக மனிதர் தேர்ந்தெடுத்து, கலப்பு நேராமல் பார்த்துக்கொள்வதால்தான் அது நிற்கிறது. நாலு தலைமுறை விட்டுவிட்டால் கலந்துவிடும். மனிதர்களை அப்படி யாரும் தொழுவத்தில் கட்டி வளர்க்கவில்லை. நடந்தார்கள், கப்பல் ஏறினார்கள், போன இடத்தில் பெண் எடுத்தார்கள், கொடுத்தார்கள்.

இந்தக் கட்டுரையில் ‘இனம்’ என்று வரும்போது ஒரே ஒரு பொருளில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ‘ரேஸ்’ என்கிறார்களே, அது: தோல் நிறம், முகவெட்டு போன்ற வெளித்தோற்றத்தை வைத்து மனிதகுலத்தைச் சில பெரிய பெட்டிகளில் அடைத்து, எந்தப் பெட்டியில் பிறந்தோமோ அதுவே நம் குணத்தையும் தகுதியையும் தீர்மானிக்கிறது என்று சொல்லும் பிரிவினை.

கோடு எங்கே இருக்கிறது?

நாகர்கோவிலில் பஸ் ஏறித் திருநெல்வேலி, மதுரை, திருச்சி, விழுப்புரம் வழியாகச் சென்னைக்கு வாருங்கள். ஊருக்கு ஊர் இறங்கி டீக்கடைப் பேச்சைக் கேளுங்கள். நாகர்கோவில் பேச்சும் சென்னைப் பேச்சும் வேறு என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் எந்த மைல்கல்லில் நெல்லைத் தமிழ் முடிந்து மதுரைத் தமிழ் தொடங்குகிறது? அப்படி ஒரு கல் கிடையாது. பக்கத்துப் பக்கத்து ஊர்களின் பேச்சு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். தூரம் கூடக்கூட வேறுபாடும் கூடும். இப்படிக் கோடில்லாமல் படிப்படியாக மாறுவதை மானிடவியலில் ‘கிளைன்’ என்பார்கள். மனிதரின் தோல் நிறமும் அப்படித்தான். நைல் நதிக்கரையோடு உகாண்டாவிலிருந்து எகிப்து வரை போனால், நிறம் மெல்ல வெளுத்துக்கொண்டே வரும். கறுப்பு முடிந்து வெள்ளை தொடங்கும் ஊர் என்று எதையும் காட்ட முடியாது.

இப்போது ஒரு கற்பனை. நாளைக்கே ஓர் அரசாணை வருகிறது: நெல்லைத் தமிழ் பேசுவோருக்கு நிலம் வாங்க உரிமை இல்லை. அன்றைக்கே ஒரு கோடு தேவைப்பட்டுவிடும். பதிவு அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து, ‘ஏலே’ என்று சொன்னால் நெல்லை, சொல்லாவிட்டால் மதுரை என்று முத்திரை குத்துவார். பேச்சில் இல்லாத கோடு கவுன்ட்டரில் பிறந்துவிடும். பிறந்த பிறகு அது பொய்யல்ல. நிலம் கிடைக்காதவருக்கு அது முழு உண்மை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு கல்யாண மண்டபத்தில் 200 பேரைத் தோல் நிறப்படி நிறுத்துங்கள், பிறகு ரத்த வகைப்படி நிறுத்துங்கள், பிறகு பெரியவர்களில் பால் செரிப்பவர், செரிக்காதவர் என்று நிறுத்துங்கள். மூன்று முறையும் வேறு வேறு ஆட்கள் பக்கத்தில் வந்து நிற்பார்கள். உலக அளவிலும் இதே கதைதான். ஒரு பண்பை வைத்துப் போட்ட கோட்டை அடுத்த பண்பு அழித்துவிடும்.

இதுவரை சொன்னதன் சாரம்: மனிதர்களுக்குள் வேறுபாடு உண்டு, ஆனால் அதில் இயற்கை போட்ட கோடு இல்லை. கோடு வேண்டும் என்றால் யாராவது ஒருவர்தான் போட வேண்டும். இனத்தின் வரலாறு என்பது, யார், எப்போது, எதற்காகக் கோடு போட்டார்கள் என்ற வரலாறுதான்.

வர்ஜீனியா: தேவை முதலில், கோடு பிறகு

பழங்காலத்தில் அடிமைமுறை இருந்தது, அந்நியர் மேல் வெறுப்பும் இருந்தது. ஆனால் ரோமாபுரியின் அடிமை எந்த நிறத்திலும் இருக்கலாம். போரில் தோற்றவர் அடிமையாவார், நிறம் பார்ப்பதில்லை. ஆளைப் பிரித்தவை மதம், மொழி, குலம் ஆகியவை. நிறத்தையும் அடிமைத்தனத்தையும் பிரிக்க முடியாமல் ஒட்டவைத்த இடங்களில், சட்டம் சட்டமாகப் பின்தொடர்ந்து பார்க்கக்கூடியது வட அமெரிக்காவின் வர்ஜீனியா. அப்போது அது ஆங்கிலேயக் குடியேற்றம், புகையிலைதான் உயிர்நாடி, ஆள் பற்றாக்குறை எப்போதும்.

1619-இல் ஆப்பிரிக்கர்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். அந்தத் தொடக்க ஆண்டுகளில் கோடு உறுதியாக இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்த ஏழைகளும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கொத்தடிமைகளாக உழைத்தார்கள். ஆப்பிரிக்கரான ஆன்டனி ஜான்சன் விடுதலை பெற்று, 1651-இல் 250 ஏக்கர் நிலத்துக்கு உரிமை பெற்றார்.

1640-இல் மூன்று வேலைக்காரர்கள் ஒரே எசமானிடமிருந்து தப்பி ஓடிப் பிடிபட்டார்கள். ஒருவர் டச்சுக்காரர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், மூன்றாமவர் ஜான் பஞ்ச் என்ற ஆப்பிரிக்கர். குற்றம் ஒன்றுதான், மூவருக்கும் 30 கசையடி. ஐரோப்பியர் இருவருக்கும் கூடுதலாக 4 ஆண்டு வேலை. ஜான் பஞ்சுக்கு ஆயுள் முழுவதும். கோட்டின் முதல் கீறல்களில் ஒன்று இந்தத் தீர்ப்பில் தெரிகிறது.

பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. 1662-இல், பிள்ளை அடிமையா இல்லையா என்பதைத் தாயின் நிலை தீர்மானிக்கும் என்றார்கள். இங்கிலாந்தின் வழக்கம் இதற்கு நேர் எதிர், அங்கே பிள்ளைக்குத் தகப்பன் நிலைதான். ஏன் மாற்றினார்கள்? எசமானுக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்த பிள்ளை, பழைய வழக்கப்படி விடுதலை கேட்க முடியும். புதிய சட்டப்படி அந்தப் பிள்ளை எசமானின் சொத்து. 1667-இல், ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமைத்தனம் நீங்காது என்று ஒரு சட்டம். அதுவரை ‘கிறிஸ்தவர்’ என்ற அடையாளம் ஒரு கேடயமாக இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். 1676-இல் நத்தானியேல் பேக்கன் தலைமையில் நடந்த கலகத்தில் ஐரோப்பிய வேலைக்காரர்களும் ஆப்பிரிக்க அடிமைகளும் ஒன்றுசேர்ந்து தலைநகர் ஜேம்ஸ்டவுனுக்குத் தீ வைத்தார்கள். நிலவுடைமையாளர்களுக்கு இதைவிடப் பெரிய அச்சம் வேறில்லை. 1691-இல் ‘வெள்ளையர்’ என்ற சொல்லையே சட்டத்தில் எழுதி, அவர்கள் கறுப்பரையோ பூர்வகுடிகளையோ மணந்தால் நாடுகடத்தல் என்றார்கள்.

வரிசையைக் கவனியுங்கள்: கிறிஸ்தவர், ஆங்கிலேயர், வெள்ளையர். 50 ஆண்டுகளில் கோட்டுக்கு மூன்று பெயர் வந்துவிட்டது. தாழ்ந்த இனம் என்று நினைத்ததால் அடிமையாக்கினார்கள் என்றே பலரும் சொல்வார்கள். வர்ஜீனியாவின் சட்டங்களை வரிசையாகப் படித்தால், அடிமைமுறையை நிலைநிறுத்த நிலைநிறுத்தத்தான் ‘தாழ்ந்த இனம்’ என்ற கருத்தும் இறுகியது என்பது தெரியும்.

பெட்டிக்கு விஞ்ஞானப் பெயர்

ஏற்கெனவே போட்ட கோட்டுக்கு 18-ஆம் நூற்றாண்டில் விஞ்ஞானத்தின் முத்திரை கிடைத்தது. தாவரங்களையும் விலங்குகளையும் வகைப்படுத்திய ஸ்வீடன்காரர் லின்னேயஸ் 1735-இல் மனிதரையும் கண்டத்துக்கு ஒன்றாக நான்கு வகையாக்கினார். 1758 பதிப்பில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு குணத்தையும் ஒட்டவைத்தார். ஆசியர்களின் நிறத்தையும் அந்தப் பதிப்பில் மங்கிய மஞ்சளாக மாற்றி எழுதினார். முந்தைய பதிப்பில் அது பழுப்பு. இடையில் ஆசியாவில் யாருடைய தோலும் மாறவில்லை.

ஜெர்மனியின் புளூமன்பாக் பின்னர் அதை ஐந்தாக்கினார். 1795-இல் எழுதிய பதிப்பின் வழியாக ஐரோப்பியர்களுக்குக் ‘காக்கேசியர்’ என்ற பெயரைப் பரப்பியவர் அவர்தான். காரணம், அவருடைய சேகரிப்பில் ஜார்ஜியா நாட்டுப் பெண் ஒருத்தியின் மண்டையோடு இருந்தது, அதுவே மிக அழகானது என்று அவருக்குத் தோன்றியது. இந்த ஐந்து வகைகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து போகின்றன, நடுவில் எல்லை இல்லை என்றும் அதே மனிதர்தான் எழுதினார். பின்னால் வந்தவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

சென்னையில் அளந்த மூக்கு

இந்த விஞ்ஞானம் நம் ஊருக்கும் வந்தது. 1885 முதல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், காலிப்பரும் அளவுநாடாவுமாகத் தென்னிந்தியா முழுக்கச் சாதி வாரியாக மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி ஒரு படி மேலே போனார். மூக்கு எவ்வளவு அகலமோ, சாதி அவ்வளவு தாழ்ந்தது என்று விதியே எழுதினார்.

அவர்கள் பயன்படுத்திய அளவுக்கு மூக்குக் குறியீட்டெண் என்று பெயர். மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். 70-க்குக் கீழ் என்றால் ஒடுங்கிய மூக்கு, 70 முதல் 85 வரை நடுத்தரம், அதற்கு மேல் அகன்ற மூக்கு. ‘ஆரியர்’, ‘திராவிடர்’ என்று மக்களை இனம் பிரிக்க இந்த எண்ணே பெரிய சாட்சியாக நின்றது.

செய்து பார்த்தால் இதன் பலவீனம் உடனே தெரியும். ஒருவரின் மூக்கு அகலம் 34 மில்லிமீட்டர், உயரம் 48 என்று வைத்துக்கொள்வோம். 34-ஐ 48-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 70.8, அதாவது நடுத்தர மூக்கு. மூக்கின் மடல் எலும்பல்ல, மெத்தென்ற சதை. காலிப்பரை ஒரே ஒரு மில்லிமீட்டர் அழுத்தினால் அகலம் 33, குறியீடு 68.75. ஒடுங்கிய மூக்கு, ‘உயர்ந்த’ வகை! இரண்டு புருவங்களுக்கு நடுவே மூக்கு எங்கே தொடங்குகிறது என்பதும் அளப்பவரின் விரல் தீர்மானிப்பதுதான். அளவு துல்லியமாகவே இருந்தாலும் கேள்வி தவறு. மூக்கின் வடிவத்தில் தட்பவெப்பத்துக்குப் பங்கு உண்டு. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது மூக்கின் வேலை, குளிர்ந்த வறண்ட நாட்டில் ஒடுங்கிய மூக்கு அதை நன்றாகச் செய்யும். நம்மைப்போல் புழுக்கமான ஊரில் அதற்குத் தேவை இல்லை. இதில் உயர்வு எங்கே வந்தது, தாழ்வு எங்கே வந்தது?

‘திராவிடர்’ என்ற சொல்லையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். 1816-இல் சென்னையின் கலெக்டர் எல்லிஸும், 1856-இல் கால்டுவெல்லும் நிறுவியது ஒரு மொழிக்குடும்பத்தை. மொழிக்குடும்பம் என்பது ஒரே தாய்மொழியிலிருந்து கிளைத்த மொழிகளின் கூட்டம். மொழியை யாரும் கற்றுக்கொள்ளலாம், மறக்கலாம், அது ரத்தத்தில் ஓடுவதில்லை. பலூசிஸ்தானில் பிராகுயி என்ற திராவிட மொழி பேசும் மக்கள், உருவத்தில் பக்கத்திலுள்ள பலூச் மக்களைப் போலத்தான் இருக்கிறார்கள். மொழிக்குடும்பத்தின் பெயரை உடலின் பெயராக மாற்றியதுதான் பிழை. ‘ஆரியர்’ என்ற சொல்லுக்கும் இதே கதி நேர்ந்தது. அந்தச் சொல்லைப் பரப்பியவர்களில் முக்கியமானவரான மாக்ஸ் முல்லரே, ஆரிய ரத்தம், ஆரிய மண்டை என்று பேசுவது பெரும் பிழை என்று 1888-இல் கண்டித்தார். சாதி என்பது ஒரே இனத்து மக்களைச் சமூகம் பிரித்து வைத்தது, பஞ்சாபின் பிராமணருக்கும் சென்னையின் பிராமணருக்கும் என்ன இன உறவு என்று 1936-இல் அம்பேத்கர் கேட்டார். பின்னாளில் மூக்கு அளவுகளையே கையில் எடுத்து ரிஸ்லியின் விதியை அவர் மறுத்தார்.

சுருக்கமாக: வர்ஜீனியாவில் தோட்டமுதலாளிக்குக் கோடு தேவைப்பட்டது, இந்தியாவில் ஆட்சியாளருக்கு. இரண்டுக்கும் பிறகு விஞ்ஞானம் வந்து அளவுகோல் தந்தது. அளவுகோலும் கோடும் முட்டிக்கொண்டால் எது ஜெயிக்கும் என்பதை அடுத்த வழக்கு காட்டுகிறது.

மூன்று மாதத்தில் மாறிய தீர்ப்பு

அமெரிக்காவில் 1790-இல் வந்த சட்டப்படி, குடியேறி வந்தவர் குடியுரிமை பெற வேண்டுமானால் ‘சுதந்திரமான வெள்ளையராக’ இருக்க வேண்டும். 1870-இல் ஆப்பிரிக்க வழியினரையும் சேர்த்தார்கள். ‘வெள்ளையர்’ என்றால் யார் என்று சட்டத்தில் விளக்கம் இல்லை.

ஜப்பானில் பிறந்து 20 ஆண்டு அமெரிக்காவில் வாழ்ந்த தகாவோ ஒசாவா, என் தோல் வெள்ளைதானே என்று உச்ச நீதிமன்றம் போனார். 1922 நவம்பரில் தீர்ப்பு: தோல் நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர் என்று பொருள், நீங்கள் காக்கேசியர் அல்லர்.

அடுத்து பகத் சிங் திந்த். பஞ்சாபில் பிறந்தவர், முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். வட இந்தியரைக் காக்கேசியரில் சேர்த்துத்தான் அன்றைய இனவியல் நூல்கள் எழுதியிருந்தன. ஒசாவா தீர்ப்பின்படி இவர் வெள்ளையராக வேண்டும். 1923 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், அதே நீதிபதி சதர்லேண்ட் எழுதிய தீர்ப்பு: நூல்களின் வகைப்பாடு செல்லாது, சாதாரண மனிதன் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறானோ அவரே வெள்ளையர்.

நவம்பரில் தோல் நிறம் போதாது, விஞ்ஞானம் வேண்டும் என்றவர்கள், பிப்ரவரியில் விஞ்ஞானம் வேண்டாம், கண்ணுக்குத் தெரிவதே போதும் என்றார்கள். இரண்டிலும் மாறாதது ஒன்றுதான்: கோடு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. கலிபோர்னியாவில், குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர் விவசாய நிலம் வைத்திருக்க முடியாது என்ற சட்டம் இருந்ததால், நிலமும் கையைவிட்டுப் போகும் நிலை வந்தது. 1946-இல்தான் இந்தியர்களுக்கு அந்தக் கதவு திறந்தது.

அமெரிக்கக் கணக்கெடுப்புப் படிவத்தைப் பார்த்தாலும் இதே அலைச்சல்தான். 1930-இலும் 1940-இலும் இந்திய வழியினருக்கு இனம் ‘இந்து’. தமிழ்க் கிறிஸ்தவரும் முஸ்லிமும்கூட அந்தப் படிவத்தில் ‘இந்து’ இனம்தான். 1970-இல் அவர்களை வெள்ளையரோடு சேர்த்து எண்ணினார்கள். 1980-இல் ‘ஆசிய இந்தியர்’. ஒரே ஆள், ஒரே வீட்டில் இருந்தபடி 50 ஆண்டில் மூன்று இனம் மாறியிருப்பார்.

மரபணு என்ன சொல்கிறது?

1972-இல் அமெரிக்க மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின் ரத்த வகைகளையும் புரதங்களையும் வைத்து ஒரு கணக்குப் போட்டார். மனிதர்களின் மரபணு வேறுபாட்டை 100 பங்காகப் பிரித்தால், சுமார் 85 பங்கு ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. சுமார் 8 பங்கு, ஒரே ‘இனம்’ எனப்படும் பெட்டிக்குள் உள்ள கூட்டங்களுக்கு இடையில். ‘இனங்களுக்கு’ இடையில் இருப்பது சுமார் 6 பங்குதான். பின்னர் வந்த பெரிய ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே காட்டின. அதிக வேறுபாடு இருப்பது ஆப்பிரிக்காவுக்குள்ளேயே, ஏனென்றால் மனிதர் மிக நீண்டகாலம் வாழ்ந்த மண் அது. ‘கறுப்பினம்’ என்ற ஒற்றைப் பெட்டியில்தான் உலகின் மிகப் பரந்த மனித வேறுபாட்டைத் திணித்து வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் மரபணுச் சோதனையில் ஒருவரின் பூர்வீகம் எப்படித் தெரிகிறது? நியாயமான கேள்வி. ஒருவர் நாலு வாக்கியம் பேசினால் திருநெல்வேலிப் பக்கம் என்று கண்டுபிடித்துவிடுகிறோம் அல்லவா? சின்னச் சின்ன அடையாளங்கள் நூறு சேர்ந்தால் ஊர் தெரிந்துவிடும். அதனால் நெல்லைத் தமிழுக்கும் மதுரைத் தமிழுக்கும் நடுவே கோடு முளைத்துவிடாது. பூர்வீகம் என்பது முன்னோர் எங்கே வாழ்ந்தார்கள் என்பது, இனம் என்பது பெட்டி. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

நோய் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். அரிவாள் செல் ரத்தசோகையைக் ‘கறுப்பினத்தவர் நோய்’ என்றே நெடுநாள் சொல்லிவந்தார்கள். உண்மையில் அந்த மரபணு, ஒரு பிரதி மட்டும் இருந்தால், மலேரியாவின் கடுமையிலிருந்து காப்பாற்றும். அதனால் தலைமுறை தலைமுறையாக மலேரியா இருந்த இடங்களில் பெருகியது: ஆப்பிரிக்காவின் பல பகுதிகள், அரேபியா, கிரீஸின் சில பகுதிகள், இந்தியா. இந்தியாவில் இது 1952-இல் முதன்முதலாகப் பதிவானது நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடம். அது கொசுவின் வரைபடம். நிறத்தின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடிய மருத்துவர், நீலகிரியில் நோயைத் தவறவிட்டிருப்பார்.

இயற்கையில் இல்லையென்றால், பொய்தானே?

பலரும் தடுக்கி விழும் இடம் இது. உயிரியலில் இனம் இல்லை, எனவே இனப் பாகுபாட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று முடித்துவிடுகிறார்கள். பதிவு அலுவலகக் கவுன்ட்டரை மறந்துவிடாதீர்கள். கோடு செயற்கை, விளைவு அசல். அதற்கு ஒரு கணக்கு.

தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவை ரத்தப் பரிசோதனையில் பார்ப்பது எல்லாருக்கும் தெரியும். அதிலிருந்து சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று ஒரு சூத்திரத்தால் கணக்கிடுவார்கள், அந்த எண்ணுக்கு ஈஜிஎஃப்ஆர் என்று பெயர். எண் குறையக் குறையச் சிறுநீரகம் மோசம். 2009-இல் வந்து அமெரிக்கா முழுவதும் பரவிய சூத்திரத்தில், நோயாளி ‘கறுப்பினத்தவர்’ என்றால் விடையை 1.159-ஆல் பெருக்க வேண்டும் என்று இருந்தது. ஆய்வில் கலந்துகொண்டவர்களின் சராசரியில் ஒரு வித்தியாசம் தெரிந்தது, அதற்குக் கறுப்பினத்தவரின் தசை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்துக்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஒரு கூட்டத்தின் சராசரியை எடுத்து ஒவ்வொரு ஆளின் தலையிலும் வைத்ததுதான் கோளாறு. தாய் வெள்ளையர், தகப்பன் கறுப்பர் என்றால் பெருக்குவதா வேண்டாமா என்பதற்குச் சூத்திரத்தில் விடையே கிடையாது.

இப்போது இரண்டு நோயாளிகளை வைத்துப் பாருங்கள். ஒரே வயது, ஒரே பாலினம், ஒரே கிரியேட்டினின். இருவருக்கும் அடிப்படை விடை 18. அமெரிக்காவில் எண் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால், டயாலிசிஸ் தொடங்கும் முன்பே மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் ஓடத் தொடங்கும். வெள்ளையருக்கு 18, அவர் வரிசையில் சேர்ந்துவிட்டார். கறுப்பருக்கு 18-ஐ 1.159-ஆல் பெருக்கினால் 20.9. சிறுநீரகம் அதேதான், வரிசையில் இடம் இல்லை. இன்னும் கெட்ட பிறகு வா என்று திருப்பி அனுப்பியது படிவத்தில் இருந்த ஒரு கட்டம்.

2021-இல் இனத்தை நீக்கிய புதிய சூத்திரம் வந்தது. பழைய பெருக்கலால் தாமதமான கறுப்பின நோயாளிகள் ஒவ்வொருவரின் பழைய ரத்தப் பரிசோதனையையும் எடுத்து, பெருக்காமல் கணக்கிட்டால் எந்தத் தேதியில் வரிசைக்கு வந்திருப்பாரோ அந்தத் தேதியிலிருந்தே காத்திருப்பை எண்ண வேண்டும் என்று, 2023 ஜனவரி முதல் அந்நாட்டின் உறுப்பு மாற்று மருத்துவமனைகளுக்கு விதி வந்தது.